பலத்தீன் குன்றில் ஒரு வீடு

உரோமாபுரியின் ஏழு குன்றுகளுள் நடுநாயகமாக அமைந்தது பலத்தீன் குன்று. அதன் வடபுறச் சரிவில் நின்று நோக்கினால், போரம் என்று உரோமர் அழைத்த பொதுவெளி காலடியிலே விரிந்து கிடக்கும். கோயில்களும் வழக்கு மன்றங்களும் வட்டிக் கடைகளும் செனற் சபை மண்டபமும் அங்கேதான் இருந்தன. வழக்குரைஞருக்கும் அரசியல்வாதிக்கும் அதனினும் வாய்ப்பான குடியிருப்பு அந்நகரில் வேறு இல்லை. வாசற்படியிலிருந்து இறங்கினால் சில நிமிடங்களில் மன்றத்தை அடைந்துவிடலாம். மன்றத்தில் நிற்போர் தலை நிமிர்ந்து பார்த்தால் அவருடைய வீடு தெரியும்.

இந்தச் சரிவில் கி.மு. 62ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு வீடு கைமாறியது. விற்றவர் நகரின் பெருஞ் செல்வர்களுள் ஒருவரான மார்க்குஸ் கிராசுஸ். வாங்கியவர் நாவலர் சிசரோ. விலை 35 இலட்சம் செஸ்தர்ஸ். யூலியஸ் சீசர் பின்னாளில் படைவீரரின் ஊதியத்தை உயர்த்தியபோதும், ஒரு வீரனுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்தது 900 செஸ்தர்ஸே. ஆகவே அந்த ஒரு வீட்டின் விலை 3,800க்கு மேற்பட்ட வீரரின் ஓராண்டுச் சம்பளமாகும்.

சிசரோ உரோமாபுரியிற் பிறந்தவரல்லர். தென்கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அர்ப்பினும் என்ற சிற்றூரில் கி.மு. 106இல் பிறந்தார். அவருடைய முன்னோருள் எவரும் உரோமில் உயர்பதவி வகித்ததில்லை. இத்தகையோரைப் பழங்குடிப் பிரபுக்கள் "புதிய மனிதர்" என்று அழைப்பர்; அச்சொல்லில் மரியாதை சிறிதும் இல்லை. தம் நாவன்மை ஒன்றையே முதலாகக் கொண்டு படிப்படியாக ஏறிய சிசரோ, கி.மு. 63இல் குடியரசின் தலைமைப் பதவியான கொன்சல் பதவியை அடைந்தார். அவ்வாண்டிலேயே கத்திலீனா என்பவன் தலைமையில் எழுந்த சதியை முறியடித்தார். பிடிபட்ட சதிகாரர் ஐவரை, செனற் சபையின் ஆதரவுடன், ஆனால் முறையான வழக்கு விசாரணையின்றிக் கொல்வித்தார். இந்தச் செயல் பின்னர் அவர் வீட்டுக் கூரையிலேயே நெருப்பாக வந்து விழுந்தது.

தந்தை வழி வந்த வீடொன்று கரீனே என்ற நல்ல பகுதியில் அவருக்கு இல்லாமற் போகவில்லை. அதனைத் தம்பி குவிந்துசிடம் விட்டுவிட்டு அவர் பலத்தீனுக்குச் சென்றார். கூரையொன்று வேண்டுமென்பதற்காக அவர் அவ்வீட்டை வாங்கினாரல்லர். அந்நாளைய வழக்கப்படி, பெரிய மனிதரின் வீட்டு முற்றத்தில் விடியற்காலையிலேயே அவரைச் சார்ந்தோர் வணக்கஞ் செலுத்தக் கூடுவர். எத்தனை பேர் கூடினர், யார் யார் வந்தனர், வராதவர் யார் என்பதை நகரமே கணக்கெடுக்கும். தொலைவிலிருக்கும் வீட்டுக்கு ஏழைகள் நடந்து வருவது கடினம். போரத்துக்கு மேலேயுள்ள வீட்டுக்கு வருவது எளிது. நேற்று வந்த புதிய மனிதருக்குப் பலத்தீன் குன்றின் முகவரி ஒரு பட்டயத்துக்கு நிகரானது.

வீட்டை விற்ற கிராசுசைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நகரில் தீப்பிடிப்பது நாளாந்த நிகழ்ச்சி. பல மாடிகள் கொண்ட வாடகை வீடுகள் மரமும் செங்கல்லுமாக நெருங்கி நின்றன. ஒழுங்கான தீயணைப்புப் படை கி.பி. 6இல் அகுஸ்துஸ் பேரரசன் காலத்திலேதான் அமைந்தது. கிராசுஸ், கட்டடவேலை தெரிந்த 500க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். எரிகின்ற வீட்டையும் அதன் அயல் வீடுகளையும் அச்சத்தால் நடுங்கி நிற்கும் உரியவரிடம் அற்ப விலைக்கு வாங்கிக்கொள்வார். இவ்வாறு நகரின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்ததென்று புளூட்டாக் எழுதுகிறார். ஆனால் அத்தனை கொத்தரும் தச்சரும் இருந்தும், தமக்கென அவர் கட்டியது குடியிருந்த வீடு ஒன்றையே. கட்டடம் கட்டும் ஆசை பிடித்தவனை அழிக்க வேறு பகைவர் வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்ற நம்மவர் பழமொழியைப் பிறர் வீட்டு நெருப்பிற் குளிர்காய்ந்த ஒருவர் வாயிலாக உரோமாபுரியும் கேட்டது.

பணம் எங்கிருந்து வந்தது? சிசரோவிடம் அவ்வளவு பணம் இல்லை. வழக்குரைஞர் கூலி பெறுதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. அன்பளிப்பு, மரணசாசனக் கொடை, கடன் என்ற பெயர்களிலேதான் நன்றி வந்து சேரும். கத்திலீனாவின் சதியில் தொடர்புடையவர் என்று குற்றஞ் சாட்டப்பட்ட புபிலியுஸ் சுல்லா என்பவருக்காகச் சிசரோ அவ்வாண்டு வாதாடி விடுதலை பெற்றுக் கொடுத்தார். அதே சுல்லாவிடமிருந்து அவர் மறைவாக 20 இலட்சம் செஸ்தர்ஸ் கடன் பெற்றார் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான ஓலுஸ் கெல்லியுஸ் ஒரு கதை கூறுகிறார். செய்தி வெளிவந்தபோது சிசரோ கடனையும் மறுத்தார், வீடு வாங்கும் எண்ணத்தையும் மறுத்தார். பின்னர் வீட்டை வாங்கியதும் பகைவர் செனற் சபையில் அவரை மடக்கினர். சிசரோ சிரித்தார். போட்டிக்கு வேறொருவன் வந்துவிடுவான் என்பதற்காக, வாங்க நினைப்பதை வாங்கும்வரை மறைப்பதே இல்லறத்தானுக்குரிய விவேகம் என்றாராம். காணி வாங்கப் போகிறவர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் கையாளும் உபாயத்தை அவர் செனற் சபையில் வைத்து ஒப்புக்கொண்டார்.

அவ்வாண்டு இறுதியில் செஸ்தியுஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம் கடன் சுமையைச் சொல்லித் தம்மையே கேலி செய்துகொள்கிறார். யாரேனும் சதி செய்வாராயின் தாமும் சேர்ந்துகொள்ளும் நிலையில் இருப்பதாகவும், ஆனால் சதியை அடக்கியவர் என்பதால் எந்தச் சதிகாரரும் தம்மை நம்பமாட்டாரென்றும் எழுதுகிறார். நூற்றுக்கு ஆறு வட்டிக்குப் பணம் தாராளமாகக் கிடைக்கின்றது என்பது அவருக்கிருந்த ஆறுதல். இன்னோர் ஆறுதலும் சில வாரங்களில் வந்தது. மெசல்லா என்ற கொன்சல் மிக உயர்ந்த விலைக்கு ஒரு வீட்டை வாங்கினார். அதனோடு ஒப்பிட்டு, சிசரோ நல்ல விலைக்கே வாங்கியிருக்கிறார் என்று ஊரார் பேசத் தொடங்கினர். இதனை அவர் தம் நண்பர் அத்திக்குசுக்கு மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். அயலான் தன்னைவிட அதிகம் கொடுத்து ஏமாந்தான் என்று கேள்விப்படும் மகிழ்ச்சி, வீடு வாங்கியவன் அடையும் இன்பங்களுள் சிறியதன்று.

அந்த நிலத்துக்கு ஒரு பழங்கதை இருந்தது. முன்பு அவ்விடத்தில் வீடு கட்டியவர் லீவியுஸ் திரூசுஸ். அயலார் எவர் கண்ணும் உள்ளே படாதவாறு கட்டித் தருவதாகக் கட்டடக் கலைஞர் சொன்னபோது, தாம் செய்வதனைத்தையும் எல்லோரும் காணத்தக்கதாகக் கட்டும்படி திரூசுஸ் பணித்தார் என்பர். கி.மு. 91இல் அதே வீட்டின் முன்கூடத்தில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். எல்லோரும் காணத்தக்க வீடென்றால் கொலைஞனும் அதைக் காண்பான் அன்றோ? சிசரோ இக்கதையை அறியாதவரல்லர். எனினும், தம் வீடு நகரம் முழுவதன் பார்வையிலும் இருக்கிறது என்பதே அவருக்குப் பெருமையாயிருந்தது.

அந்தப் பார்வைக்குள் அடங்கிய ஒருவன் புபிலியுஸ் குளோதியுஸ். பழம்பெருங் குடியிற் பிறந்தவன், துணிச்சல் மிக்கவன், நகர ஏழைகளின் நெஞ்சைத் தொடத் தெரிந்தவன். அவனை வெறும் போக்கிரியென்று ஒதுக்கிவிடுவது, பகைவர் எழுதியதை மட்டும் படித்து முடிவு கூறுவதாகும். கி.மு. 62 டிசெம்பரில் சீசரின் இல்லத்தில் பெண்கள் மாத்திரமே கூடும் வழிபாடொன்றில் பெண்வேடமிட்டு நுழைந்தான் என்று அவன்மீது வழக்கு எழுந்தது. அன்று தான் ஊரிலேயே இல்லை என்று அவன் சாதித்தான். அன்றைய தினம் அவன் தம் வீட்டுக்கே வந்து போனான் என்று சிசரோ சாட்சி சொன்னார். இலஞ்சம் வாங்கிய நடுவர்கள் 31க்கு 25 என்ற வாக்கில் அவனை விடுவித்தனர். ஆனால் அந்தச் சாட்சியத்தை அவன் மறக்கவில்லை. செனற் சபையில் சிசரோ வீடு வாங்கியதை அவன் குத்திக்காட்ட, நடுவர்களை வாங்கியதுபோலச் சொல்கிறாயே என்ற பொருள்பட அவர் திருப்பியடித்தார். சபை சிரித்தது. சிரிப்புக்கு விலை கொடுக்கும் நாள் மூன்று ஆண்டில் வந்தது.

பொதுமக்கள் காவலர் என்ற பதவிக்குப் பிரபுக்குடியினர் போட்டியிட முடியாது. அதற்காகக் குளோதியுஸ் தன்னிலும் இளையவனான ஒரு பொதுக்குடி மகனுக்குச் சுவீகார புத்திரனானான். கி.மு. 58இல் அப்பதவியில் அமர்ந்ததும், குடிமகனொருவனை விசாரணையின்றிக் கொன்றவரை நாடுகடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தான். பெயர் குறிக்கப்படாவிட்டாலும் குறி யாரென்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதத்தில் சிசரோ இரவோடிரவாக நகரைவிட்டு வெளியேறினார். பலத்தீன் வீடு கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. அதன் சலவைக்கல் தூண்கள், மக்கள் பார்த்து நிற்க, கொன்சல் பிசோவின் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. துஸ்குலும் என்னுமிடத்திலிருந்த நாட்டுப்புற வளவிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்கள் மாத்திரமன்றி, மரங்களும் வேரோடு பெயர்க்கப்பட்டு அடுத்த வளவுக்காரரான மற்றைய கொன்சல் கபீனியுசின் நிலத்துக்குச் சென்றன. இவற்றைப் பின்னர் சபையில் எடுத்துரைத்தவர் சிசரோவே. எனினும் தூண்களையும் மரங்களையும் பற்றி அவ்வளவு பேர் முன்னிலையிற் பொய் சொல்வது எளிதன்று.

வீட்டை எரித்ததோடு குளோதியுஸ் நிற்கவில்லை. அவன் செய்த அடுத்த காரியத்திலேதான் அவனுடைய கூர்மை தெரிகிறது. சிசரோவின் வளவுக்கு அருகே கத்துலுசின் தூண் மண்டபம் என்றொன்று இருந்தது. கி.மு. 121இல் அரசின் பகைவனாகக் கொல்லப்பட்ட புல்வியுஸ் பிளாக்குசின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில், பிற்காலத்தில் எழுந்த மண்டபம் அது. இப்போது சிசரோவின் நிலத்தில் ஒரு சிறு பகுதியை அதனோடு சேர்த்து, அங்கே சுதந்திர தேவிக்குக் கோயிலெடுத்துக் குருமார் ஒருவரைக் கொண்டு அர்ப்பணம் செய்வித்தான். துரோகியின் வீட்டுக்கு அருகே இன்னொரு துரோகியின் வீடு! தெய்வத்துக்கு உரிமையான நிலத்தை மனிதன் திரும்பப் பெற முடியாது என்பது உரோமரின் சமய விதி. சுதந்திரத்தின் பெயரால் அயலானின் காணி பறிபோயிற்று.

எஞ்சிய நிலம் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவன் ஸ்கத்தோ என்ற ஒருவன். மழைக்கு ஒதுங்கச் சொந்தக் கூரையில்லாதவன் என்று சிசரோ அவனை ஏளனஞ் செய்கிறார். பெயர் அவனுடையது, பணம் குளோதியுசினுடையது என்பது குற்றச்சாட்டு. அழகிய காட்சி தெரியும் அந்த மேட்டில் 300 அடி நீளமுள்ள, தளம் பாவிய தூண் மண்டபமும் அறைகளும் அமைக்கக் குளோதியுஸ் ஆசைப்பட்டானாம். இடையிலிருந்த செயியுஸ் என்ற கனவானின் வீட்டையும் கேட்டான், உயிருள்ளவரை விற்கமாட்டேன் என்று அவர் மறுத்தார், அவர் இறந்தார், வீடு குளோதியுசின் கைக்கு வந்தது. அவரை நஞ்சூட்டிக் கொன்றான் என்று சிசரோ வெளிப்படையாகவே பழித்தார். இது எதிர்க்கட்சிக்காரரின் கூற்று என்பதை மறத்தலாகாது. ஆயினும், விற்க விரும்பாத அயலவரும் அவரது மதிலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் செல்வரும் எல்லா நகரங்களிலும் உள்ளவர்களே.

நாடுகடந்த சிசரோ தெசலோனிக்காவில் மனமுடைந்து கிடந்தார். அங்கிருந்தும் துராக்கியும் துறையிலிருந்தும் அவர் எழுதிய கடிதங்களைப் படிப்போர், வெற்றி மேடையிற் கண்ட நாவலர் இவர்தாமா என்று ஐயுறுவர். அவருடைய மனைவி தெரெந்தியா செலவுக்காகத் தன் சொத்தொன்றை விற்க எண்ணியிருப்பதை அறிந்து, அப்படிச் செய்தால் மகனுக்கு என்ன மிஞ்சுமென்று கண்ணீரோடு தடுத்து எழுதினார்.

கி.மு. 57 ஆகஸ்ட் 4ஆம் நாள் மக்கள் அவையின் வாக்கால் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். செப்டெம்பர் 4ஆம் நாள் ஆரவாரத்தினிடையே நகருக்குள் நுழைந்தார். ஆனால் தங்குவதற்குச் சொந்த வீடு இல்லை. செப்டெம்பர் 29ஆம் நாள் குருமார் மன்றத்தின் முன் தம் வீட்டுக்காக அவரே வாதாடினார். அப்பேச்சு இன்றும் கிடைக்கின்றது. தம் பேச்சுகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகவே அவரும் அதனைக் கருதினார். வீட்டைத் திரும்பப் பெறாவிட்டால், தாம் திரும்பி வந்ததே தோல்வியாகும். நகரத்தின் பார்வையிலுள்ள வெற்று நிலம் பகைவனின் வெற்றித்தூணாக நிற்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கோயிலிலுள்ள தேவியின் சிலையோ கிரேக்க நாட்டில் ஒரு தாசியின் கல்லறையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் இடித்துரைத்தார்.

குருமார் நுட்பமாகத் தீர்ப்பளித்தனர். அர்ப்பணம் செய்தவருக்கு மக்கள் அவை பெயர் குறித்து அதிகாரம் வழங்கியிராவிட்டால், நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதில் தெய்வக் குற்றமில்லை என்றனர். அப்படி அதிகாரம் வழங்கப்பட்டிருக்கவில்லை. செனற் சபையில் குளோதியுஸ் ஏறக்குறைய மூன்று மணிநேரம் பேசிக் காலங்கடத்திப் பார்த்தான், பயனில்லை. கொன்சல்கள் நட்டஈட்டை மதிப்பிட்டனர்: பலத்தீன் வீட்டுக்கு 20 இலட்சம், துஸ்குலும் வளவுக்கு 5 இலட்சம், போர்மியே வளவுக்கு 2½ இலட்சம்.

35 இலட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு 20 இலட்சம்! நிலம் திரும்பக் கிடைத்ததால் அது கட்டடத்துக்கு மட்டுமான பெறுமதி என்று கொன்சல்கள் வாதிட்டிருக்கக்கூடும். நாட்டுப்புற வளவுகளின் மதிப்பீடுதான் மிகக் கஞ்சத்தனமானது என்று சிசரோ கசந்து எழுதினார். தம் சிறகுகளை வெட்டியவர்கள் அவை மீண்டும் வளர்வதை விரும்பவில்லை என்பது அவர் கண்ட காரணம். தம்மை வரவேற்றுக் கைகொட்டிய நண்பர்களையே அவர் இவ்வாறு குறிப்பிடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. புதிய மனிதர் பலத்தீனில் இருக்கலாம். மிகவும் வசதியாக இருப்பதைப் பழங்குடியினரின் மனம் பொறுக்கவில்லை.

வேலை தொடங்கியது. நவம்பர் 3ஆம் நாள் ஆயுதந் தாங்கிய கூட்டமொன்று வந்து கொத்தரையும் கூலியாட்களையும் விரட்டியடித்தது. கூரை மட்டத்துக்கு எழுந்திருந்த கத்துலுசின் மண்டபத்தையும் இடித்தது. சிசரோவின் நிலத்தில் நின்றுகொண்டே அருகிலிருந்த தம்பி குவிந்துசின் வீட்டின்மீது கல்லெறிந்து, பின்னர் அதற்குத் தீயும் வைத்தது. நகரமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் சிசரோவே தெருவில் தாக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் நிலத்தடியில் விநோத ஒலி கேட்டதாகச் செய்தி வந்தது. நிமித்திகர் புனித இடங்கள் தீட்டுப்பட்டதாகக் கூறவே, அது சிசரோவின் வீடுதான் என்று குளோதியுஸ் முழங்கினான். சிசரோ மறுபடியும் எழுந்து வாதாட நேர்ந்தது. அப்பேச்சில் ஓரிடத்தில், தம் வீட்டுக் கூரையை இன்னும் உயர்த்திக் கட்டப்போவதாகச் சொல்கிறார். குளோதியுசை மேலிருந்து பார்ப்பதற்காக அன்று, அவன் அழிக்க நினைத்த நகரத்தை அவன் பார்க்கவொட்டாமல் மறைப்பதற்காக. எவ்வளவு உயர்ந்த அரசியல் பேசினாலும், அயல் வீட்டுக்காரனின் வெளிச்சத்தை மறைக்கும் ஆசை அடியில் இருக்கத்தான் செய்தது.

இவ்வளவும் சொந்த வீடுடையோரின் துன்பங்கள். வாடகை வீட்டிலிருந்தோரின் கதை வேறு. அதே பலத்தீனில் குளோதியுசுக்குச் சொந்தமான மாடித் தொகுதியொன்றில் கேலியுஸ் என்ற இளைஞன் குடியிருந்தான். கி.மு. 56இல் அவன்மீது வழக்கு வந்தபோது, ஆண்டுக்கு 30,000 செஸ்தர்ஸ் வாடகை கொடுக்கும் ஊதாரி என்று எதிர்த்தரப்பார் சாட்டினர். உண்மையில் 10,000தான், குளோதியுஸ் அத்தொகுதியை விற்க முயல்வதால் வாடகையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சிசரோ விளக்கி, மன்றத்தைச் சிரிக்க வைத்தார். அவரும் வாடகை வாங்காதவரல்லர். அவெந்தின் குன்றிலும் ஆர்கிலேத்தும் தெருவிலுமிருந்த கட்டடங்களின் வாடகையிலேதான் அவருடைய மகன் அதென்ஸ் நகரில் படித்தான். கி.மு. 44இல், வேறிடத்திலிருந்த தம் கடைகளுள் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை வெடிப்புக் கண்டுள்ளன, குடியிருந்தோர் மாத்திரமன்றி எலிகளும் இடம்பெயர்ந்துவிட்டன என்று அத்திக்குசுக்கு எழுதுகிறார். அதை ஒரு பகிடியாகவே எழுதுகிறார். அச்சுவர்களுக்குள் படுத்துறங்கியோர் எழுதிய கடிதம் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

குளோதியுஸ் கி.மு. 52 ஜனவரி 18ஆம் நாள் அப்பியன் நெடுஞ்சாலையில் நடந்த கைகலப்பிற் கொல்லப்பட்டான். அவனுடைய ஆதரவாளர் செனற் மண்டபத்திலேயே அவன் உடலுக்கு எரியூட்ட, மண்டபமும் எரிந்தது. பலத்தீன் வீட்டில் நின்று பார்த்தால் அந்தப் புகை தெரியாதிருந்திராது.

கி.மு. 45இல் சிசரோவின் அருமை மகள் துல்லியா இறந்தாள். ஆறுதல் கூறிய நண்பர் சுல்ப்பிசியுசுக்கு எழுதிய மறுமொழியில், முன்னெல்லாம் பொதுவாழ்வில் மனம் நொந்தபோது வீடு ஆறுதலளித்ததென்றும், இப்போது வீட்டின் துயருக்குப் பொதுவாழ்வும் மருந்தாகவில்லை, பொதுவாழ்வின் துயருக்கு வீடும் மருந்தாகவில்லை, ஆகவே இரண்டையும் விட்டு விலகியிருப்பதாகவும் தெரிவிக்கிறார். போரத்தை நோக்கி நின்ற அந்த வீடு வெறுமையாயிற்று. அதற்காக அவர் பட்ட கடனையும் பகையையும் நினைக்கும்போது, அக்கடிதத்தின் அமைதி நெஞ்சைத் தொடுகின்றது.

கி.மு. 43 டிசெம்பர் 7ஆம் நாள் போர்மியே அருகே அந்தோனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்றனர். பலத்தீன் வீடு அந்தோனியின் கட்சியினரான மார்சியுஸ் சென்சொரீனுசிடம் சென்றது. கி.பி. 30ஆம் ஆண்டளவில் வெல்லேயுஸ் என்ற வரலாற்றாசிரியர் திரூசுசின் கதையை எழுதியபோது, அந்த வீட்டை அடையாளங் காட்டுவதற்காக உரிமையாளர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இப்போது அது ஸ்தத்திலியுஸ் சிசென்னாவினுடையது என்று குறித்தார். பேரரசர்களின் மாளிகைகள் அதற்குள் அக்குன்றில் ஒவ்வொன்றாக எழத் தொடங்கியிருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் குன்றின் பெரும்பகுதியை அவை விழுங்கின. அரண்மனையைக் குறிக்கும் பல ஐரோப்பிய மொழிச் சொற்கள் பலத்தீன் என்ற பெயரிலிருந்தே பிறந்தன.